சுண்டெலியிடம் எதைக் கேட்பது?

பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றரை வயதாகிறது. சுழலும் மின்விசிறியை அரை மணி நேரம் அலுக்காமல் பார்க்கிறான். அம்மா எதிரே உட்கார்ந்து கை தட்டினாலும் அவன் கண் அவள் முகத்துக்கு வருவதில்லை. வீட்டில் முதலில் எழும் சந்தேகம் காதைப் பற்றியதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பரிசோதனையில் காது நன்றாகவே கேட்கிறது. பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறவனுக்குக் காது கேட்காமல் எப்படி இருக்கும்? பிறகு குழந்தைநல மருத்துவர், நரம்பியல் மருத்துவர், சிலருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பெரும்பாலும் அதிலும் 'குறையொன்றும் இல்லை' என்றே அறிக்கை வரும்.

ஒலி சரியாக உள்ளே போகிறது. மூளையின் வடிவத்திலும் கோளாறு தென்படவில்லை. ஆனாலும் அம்மாவின் குரலுக்கும் குழந்தை திரும்புவதற்கும் நடுவே எங்கோ, ஏதோ வேறுவிதமாக நடக்கிறது. எங்கே? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர், தமிழில் நரம்பிணைப்பு. அதன் அகலம் சுமாராக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மருத்துவமனை ஸ்கேன் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய புள்ளியோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மாற்றம் நரம்பிணைப்பில் இருந்தால் ஸ்கேனில் அது தெரிய வழியே இல்லை. உயிரோடு ஓடியாடும் குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்கவும் கூடாது. இந்த முட்டுச்சந்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலியின் துணையை நாடினார்கள்.

அதற்கு முன்பு வெகுகாலம் பழி தாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. 1943-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து எழுதியதிலிருந்து ஆட்டிசம் என்ற இந்த நிலைக்கு மருத்துவத்தில் தனி இடம் கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டில், பாசம் காட்டாத தாயால்தான் குழந்தை இப்படித் தனக்குள் சுருங்கிவிடுகிறது என்ற கருத்து வேரூன்றிவிட்டது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதை ஊரெங்கும் பரப்பியது. எத்தனை தாய்மார்கள் இந்தச் சொல்லைச் சுமந்து வாழ்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. அதை உடைத்தது ஒரு சின்ன ஆய்வு. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக வளர்ந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்தவர்கள்தான். வித்தியாசம் மரபணுவில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதில்தான்.

எந்த மரபணு? ஒன்றிரண்டாக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். 2020-இல் 35,000-க்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏ.வை அலசிய ஒரு பன்னாட்டு ஆய்வு, ஆட்டிசத்தோடு வலுவான தொடர்புடையவை என்று 102 மரபணுக்களைச் சுட்டியது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் மிகச் சிலரிடம் மட்டுமே பழுதாகியிருக்கிறது. பெரும்பாலானோரிடம் தனியொரு மரபணு காரணமாக இருப்பதில்லை. சிறுசிறு மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன. அந்தக் கூட்டுச் சேர்க்கையை எலியில் செய்துபார்க்க முடியாது. ஒற்றை மரபணுவின் பழுதைச் செய்துபார்க்கலாம். எலி ஆராய்ச்சியின் பலமும் எல்லையும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகின்றன.

சுண்டெலிக்கும் நமக்கும் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 வீதம் உண்டு. எலியின் மரபணுக்களில் சுமார் 80 சதவீதத்துக்கு மனிதரிடம் நேருக்கு நேர் ஒரு ஜோடி இருப்பது 2002-இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோதே தெரிந்தது. மூளையின் அளவில் ஒப்பே கிடையாது. அதற்கு 7 கோடி நரம்பணுக்கள், நமக்கு 8,600 கோடி. ஆனால் நரம்பிணைப்பைக் கட்டும் புரதங்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆய்வுக்கு வசதியாக, சுண்டெலி கருவுற்ற இருபது நாளில் ஈனும். இரண்டு மாதத்துக்குள் அதன் குட்டியும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

மரபணு நீக்கிய சுண்டெலியை உருவாக்குவது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கருவுற்று மூன்றரை நாளான எலிக் கருவுக்குள் எந்த உறுப்பாகவும் மாறவல்ல செல்கள் இருக்கும். இவை கருக் குருத்தணுக்கள். இவற்றை வெளியே எடுத்துத் தட்டில் வளர்க்க முடியும் என்று 1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மேத்யூ காஃப்மனும் காட்டினார்கள். அந்தச் செல்களுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டைச் செலுத்துகிறார்கள். துண்டின் இரு முனைகளும் குறிவைத்த மரபணுவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். நடுப்பகுதி மட்டும் வேண்டுமென்றே கெடுக்கப்பட்டிருக்கும். செல் முனைகளைப் பார்த்து ஏமாந்து, தன்னுடைய நல்ல பகுதியைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளும். இதைச் சாதித்தவர்கள் மரியோ கபெக்கியும் ஆலிவர் ஸ்மித்தீஸும். இந்த மாற்றம் நடப்பது மிக அரிது. அதனால் துண்டோடு சேர்த்து ஒரு மருந்தைத் தாங்கும் மரபணுவையும் வைத்து அனுப்புகிறார்கள். தட்டில் மருந்தை ஊற்றினால் துண்டை வாங்கிக்கொள்ளாத செல்களெல்லாம் மடிந்துவிடும். மீந்தவற்றுள் துண்டு சரியான இடத்தில் உட்கார்ந்த செல்லைத் தேடி எடுக்க வேண்டும்.

பழுப்பு எலியிலிருந்து வந்த அந்தச் செல்லைக் கறுப்பு எலியின் கருவுக்குள் ஊசியால் செலுத்தி, வாடகைத் தாய் எலியின் கருப்பையில் வைக்கிறார்கள். பிறக்கும் குட்டியின் தோலில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் இருக்கும். உடலின் ஒரு பகுதி ஒரு மூலத்திலிருந்தும் மறு பகுதி இன்னொன்றிலிருந்தும் வந்ததன் அடையாளம் அது. அதைக் கறுப்பு எலியோடு சேர்க்கும்போது பழுப்புக் குட்டி பிறந்தால், மாற்றிய செல் விந்தணு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பழுப்புக் குட்டிகளில் மரபணுப் பழுதைப் பெற்றவற்றைத் தேர்ந்து தங்களுக்குள் இணைசேர விட்டால், இரண்டு பிரதிகளும் இல்லாத எலி கிடைக்கும். 1989-இல் இப்படிப்பட்ட எலிகள் முதன்முதலாகப் பிறந்தன. 2007-இல் எவான்ஸ், கபெக்கி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் இழுத்த இந்த வேலையை இப்போது மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை சில மாதங்களில் முடித்துவிடுகிறது.

எலி வந்துவிட்டது. அதற்கு ஆட்டிசம் இருக்கிறதா? இல்லை. சுண்டெலிக்கு ஆட்டிசம் வராது. பேச்சு, பிறர் மனதை ஊகிப்பது, கண்ணோடு கண் பார்ப்பது என்று மனிதரிடம் நாம் கவனிக்கும் எதுவும் அதனிடம் அந்த வடிவில் இல்லை. குறிப்பிட்ட ஒரு புரதம் இல்லாமல் போனால் குறிப்பிட்ட ஒரு நரம்பிணைப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அது பதில் சொல்லும். கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நம்பகமான பதில். இந்தத் துறையின் முப்பது ஆண்டுக் கதையில் நான் காண்பது இதைத்தான்: சின்னக் கேள்வி கேட்டவர்களுக்கு எலி உண்மையைச் சொன்னது; பெரிய கேள்வியை அதன் தலையில் ஏற்றியவர்கள் பெற்றோருக்கு ஏமாற்றத்தைத்தான் கொடுக்க நேர்ந்தது.

பெரிய கேள்விக்கு முதலில் வருவோம். எலியின் நடத்தையை எப்படி அளப்பது? அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜாக்குலின் கிராலியின் குழு 2004-இல் ஒரு பெட்டியை வடிவமைத்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வரிசையாக மூன்று அறைகள், அறைக்கு அறை போக வாசல். ஒரு ஓரத்து அறையில் கவிழ்த்த கம்பிக் கிண்ணத்துக்குள் முன்பின் அறியாத ஓர் எலி. எதிர் ஓரத்தில் அதே மாதிரிக் கிண்ணம், காலியாக. சோதனை எலியை நடு அறையில் விட்டுப் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். சுண்டெலி கூட்டாக வாழும் பிராணி. சாதாரண எலி புதியவரைத் தேடிப் போய், கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி மோந்து பார்த்தபடி கூடுதல் நேரத்தை அங்கேயே கழிக்கும். சில மரபணு மாற்றிய எலிகளுக்கோ காலிக் கிண்ணமும் புதிய எலியும் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களுக்கு, எலி தன் முகத்தையும் உடம்பையும் நீவிக்கொள்ளும் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள். தாயைப் பிரிந்த குட்டி, மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் கூப்பிடும். அதற்குத் தனி ஒலிவாங்கி உண்டு.

பெட்டி எளிமையானது. பதில் எளிமையானதல்ல. 1999-இல் ஜான் கிராப் என்பவரும் கூட்டாளிகளும் ஒரே வகை எலிகளை, ஒரே நாளில், ஒரே மாதிரிக் கருவிகளோடு மூன்று ஊர்களின் ஆய்வகங்களில் சோதித்தார்கள். தீனி முதல் விளக்கு அணைக்கும் நேரம் வரை எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்தும் சில சோதனைகளில் முடிவு ஊருக்கு ஊர் மாறியது. ஆண் ஆராய்ச்சியாளரின் வாசனையே எலியைப் பதற்றப்படுத்துகிறது, அவர் போட்டு அவிழ்த்த பனியனை அருகில் வைத்தாலும் போதும் என்று 2014-இல் மான்ட்ரியல் ஆய்வகம் ஒன்று கண்டறிந்தது. ஸ்வீடனில் இரு சகோதரர்களிடம் கண்ட நியூரோலிஜின்-3 மரபணுப் பழுதை எலியில் அப்படியே உண்டாக்கிய தாமஸ் ஸூடாஃப் குழு, அந்த எலிகள் பிற எலிகளோடு குறைவாகவே பழகுகின்றன என்று 2007-இல் எழுதியது. அடுத்த ஆண்டே கிராலி குழு அதே பழுதுள்ள எலிகளைச் சோதித்தபோது பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இரண்டு குழுவும் நேர்மையானவைதான். எலி நடத்தை அவ்வளவு மெல்லிய அளவுகோல்.

இனி இந்தத் துறையின் மிகப் பெரிய நம்பிக்கையும் மிகப் பெரிய அடியும் சேர்ந்த கதை. ஃபிராஜைல் எக்ஸ் என்று ஒரு மரபுவழி நிலை. பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் இதுதான். ஆட்டிசத்துக்கு அறியப்பட்ட ஒற்றை மரபணுக் காரணங்களில் மிகப் பரவலானதும் இதுவே. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் 'சி-ஜி-ஜி' என்ற மூன்றெழுத்து எல்லோருக்கும் சில பத்து முறை திரும்ப வரும். சில குடும்பங்களில் அது தலைமுறைக்குத் தலைமுறை நீண்டு 200-ஐத் தாண்டிவிடுகிறது. அப்போது செல் அந்த மரபணுவுக்கே பூட்டுப் போட்டுவிடுகிறது. மரபணு 1991-இல் பிடிபட்டது. 1994-இல் நெதர்லாந்து, பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அந்த மரபணு இல்லாத எலியை உருவாக்கினார்கள். கவனியுங்கள்: மனிதரின் பழுது எலிக்குள் போகவில்லை. மூன்றெழுத்தை நீளமாக வைத்தாலும் எலியின் செல் மனிதச் செல்லைப் போலப் பூட்டுவதில்லை. அதனால் மரபணுவையே நீக்கி, புரதம் இல்லாத நிலையை மட்டும் உண்டாக்கினார்கள். ஆனாலும் ஒப்புமை வியப்பூட்டியது. இந்நிலையுள்ள ஆண்களுக்குப் பருவம் எய்திய பின் விரைகள் பெரிதாகும். ஆண் எலிக்கும் பெரிதாகின. நரம்பணுக் கிளைகளில் சினாப்ஸைத் தாங்கும் நுண்முட்கள் மனிதரிடம் மெலிந்து நீண்டு எண்ணிக்கையில் கூடியிருக்கும். எலியிலும் அதையே பார்த்தார்கள்.

அந்தப் புரதத்துக்கு எஃப்.எம்.ஆர்.பி. என்று பெயர். அதன் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டுக் காலைப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். பந்தியிலிருந்து 'இட்லி' என்று குரல் வருகிறது. சமையற்கட்டில் அடுப்பு எரிகிறது, மாவு தயார். இரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். கூடையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை இலை மீதி என்று பார்த்து, 'இருக்கிறது போதும், அடுத்த ஈட்டை இப்போது வைக்காதே' என்று தடுக்கிறவர் அவர். நரம்பிணைப்பின் அருகிலேயே புரதம் தயாராகிறது, அதுதான் சமையற்கட்டு. குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு; குரல் அந்த வழியாக வருகிறது. நடுவில் நின்று தடுப்பவர் எஃப்.எம்.ஆர்.பி. நூற்றுக்கணக்கான புரதங்களின் செய்முறைச் சீட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவை வரும்வரை விடாதிருப்பது அதன் பணி. அவர் வராத கல்யாணத்தில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஈடு வேகும். புரதம் அளவுக்கு மேல் குவிந்து, நரம்பிணைப்பு தன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் நிதானத்தை இழந்துவிடும்.

இது ஊகமாகத் தொடங்கியதல்ல. நரம்பிணைப்பு தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒரு நிகழ்வை அளந்துகொண்டிருந்த மார்க் பேர், கிம்பர்லி ஹூபர் ஆகியோர், எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலியில் அது மிதமிஞ்சி நடப்பதை 2002-இல் கண்டார்கள். காரணத்தைத் தேடிப் போனபோது ஐந்தாம் வகை ஏற்பியில் வந்து நின்றார்கள். தடுப்பவரைத் திரும்பக் கொண்டுவர முடியாவிட்டாலும், பந்தியின் குரலைப் பாதியாகக் குறைத்தால் சமையற்கட்டு சமநிலைக்கு வருமல்லவா? 2007-இல் குல் டோலனும் மார்க் பேரும் அதை நேராகவே சோதித்தார்கள். எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலியை, ஐந்தாம் வகை ஏற்பியின் ஒரு பிரதியை இழந்த எலியோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் புரத உற்பத்தி இயல்புக்கு வந்தது, நுண்முட்களின் எண்ணிக்கை சீரானது, ஒலி கேட்டு வரும் வலிப்பு குறைந்தது. விரைகளின் வீக்கம் மட்டும் மாறவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லாமல் சரியாகாததையும் எழுதிவைத்த அந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு இதே எலியில் வேறொரு பகுதியைத் தேர்ந்தெடுத்தது. மற்ற பலரும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பயத்துக்குரிய அமிக்டலாவை இவர்கள் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு எச்சரிக்கையாகவே இருந்தது. ஐந்தாம் வகை ஏற்பியை அடக்கும் மருந்து அங்கே ஒரு கோளாறைச் சரிசெய்தது; இன்னொன்றை அசைக்கவில்லை. ஒரே மரபணு இல்லாததன் விளைவு மூளையின் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

மருந்து நிறுவனங்கள் அதற்குள் வேகமெடுத்துவிட்டன. நோவார்ட்டிஸின் மாவோகுளூரன்ட் 175 பெரியவர்களிடமும் 139 வளரிளம் பருவத்தினரிடமும் 12 வாரம் சோதிக்கப்பட்டது. வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் இல்லை. 2014-இல் நிறுவனம் இந்த முயற்சியைக் கைவிட்டது. ரோஷ் நிறுவனத்தின் மருந்தும் அதே வழியில் போயிற்று. சோதனையில் பங்குகொண்ட குடும்பங்கள் எவ்வளவு ஆசையோடு காத்திருந்திருக்கும்! மருந்து வேலை செய்கிறது என்று உறுதியாக நம்பிய சில பெற்றோர் நிறுத்த வேண்டாம் என்று மன்றாடினார்கள்.

எங்கே பிசகியது? எலிகள் ஒரே மரபுவழியில் உட்கலப்பாய் வளர்க்கப்பட்டவை. மனிதர்களோ ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. டோலனின் எலிகளில் ஏற்பி கருவிலிருந்தே குறைந்திருந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் வளர்ந்து முடித்தவர்கள், வளர்ந்துகொண்டிருப்பவர்கள். இந்த வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் சில பலன்கள் மங்கிவிடுகின்றன என்று மார்க் பேரின் ஆய்வகமே பின்னர் எலிகளில் கண்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, அளந்த முறை. எலியில் அளந்தது புரத உற்பத்தியையும் நுண்முட்களையும்; மனிதரில் அளந்தது பராமரிப்பாளர் நிரப்பிய நடத்தை வினாத்தாளை. ஒரு பக்கம் நரம்பிணைப்பைப் பற்றிய சின்னக் கேள்வி. மறுபக்கம் ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் பற்றிய பெரிய கேள்வி. எலி முதலாவதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. இரண்டாவதை அதனிடம் யாரும் கேட்கவே இல்லை, கேட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. எலியிடமும் மனிதரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும் வழியைத் தேடுகிறார்கள். இரண்டு விநாடிக்குள் மெதுவான துடிப்பிலிருந்து மிக வேகமான துடிப்புக்கு ஏறும் ஓர் ஒலியை உண்டாக்கி, அதை எலிக்கும் மனிதருக்கும் கேட்கச் செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறார்கள். ஃபிராஜைல் எக்ஸ் உள்ளவர்களின் மூளையில் பின்னணி இரைச்சல் அதிகம். ஒலியின் வேகமான துடிப்போடு இசைந்து துடிப்பது கடினம். எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலியிலும் அதையே பதிவுசெய்திருக்கிறார்கள். பேச்சோ வினாத்தாளோ தேவையில்லை. நாளைக்கு ஒரு மருந்து எலியின் அலையைத் திருத்தினால், மனிதரிலும் அதே அலை திருந்துகிறதா என்று முதலில் பார்க்கலாம். அதன் பிறகு வாழ்க்கையில் மாற்றம் வருகிறதா என்று கேட்கலாம்.

எலியால் மட்டுமே சொல்ல முடிந்த ஒரு செய்தி உண்டு. ரெட் என்னும் நிலை ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஒரு வயதுவரை நன்றாக வளர்ந்த குழந்தை, கற்ற சொற்களை இழந்து, கைகளை ஓயாமல் பிசையத் தொடங்கும். முன்பு இதையும் ஆட்டிசக் குடும்பத்திலேயே சேர்த்திருந்தார்கள். இதற்குக் காரணமான எம்.இ.சி.பி.2 மரபணுவை 1999-இல் ஹூடா ஸோக்பி குழு கண்டது. இப்படி வளர்ச்சியிலேயே தடம் மாறிய மூளை இனித் திரும்பாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய எலியில் அந்த மரபணு இருந்தது, ஆனால் நடுவே ஒரு தடைத் துண்டு அதை வேலை செய்யவிடாமல் வைத்திருந்தது. தடையின் இரு பக்கமும் ஓர் அடையாளம். இரு அடையாளங்களுக்கு நடுவே உள்ளதை வெட்டியெறியும் நொதி ஒன்று எலியின் செல்லிலேயே உறங்கிக்கொண்டிருக்கும். தாமாக்ஸிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். நடுக்கம் கண்டு, மூச்சுத் திணறி, இன்னும் சில நாளே தாங்கும் என்ற நிலையில் இருந்த எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். பல எலிகள் பிழைத்தன. நடை சீரானது. 2007-இல் அந்த முடிவு வெளியானபோது, நரம்பணுக்கள் அழிந்துபோகவில்லை, காத்திருக்கின்றன என்பது உறுதியானது. இன்னொன்றும் தெரிந்திருந்தது: அந்தப் புரதம் இரட்டிப்பானாலும் மூளைக்குக் கேடு. அளவு கொஞ்சமும் பிசகக் கூடாது. 2023-இல் ரெட் நிலைக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற ட்ரோஃபினடைடு, எலி ஆய்வுகளின் வழியாக வந்ததுதான். பலன் மிதமானது, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் உண்டு. ஆனாலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்று வந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுப்பும் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. நாங்கள் திருத்தப்பட வேண்டிய பிழைகளா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எலியில் ஆராயப்படுபவை பெரும்பாலும் வலிப்பு, மூச்சுக் கோளாறு, பேச்சே வராமை என்று கடுமையான சிரமம் தரும் அரிய ஒற்றை மரபணு நிலைகள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, தன் வழியில் உலகைக் காணும் ஒருவரின் ஆட்டிசத்தைப் பற்றி இந்த எலிகள் எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரு தரப்புக்கும் அநியாயம் செய்வோம்.

ஆட்டிசம் உள்ளவர்கள் வெகுகாலமாகச் சொல்லியும் நாம் காதில் வாங்காத ஒன்றை எலி மெய்ப்பித்திருக்கிறது. சட்டைக் காலரில் தைத்த லேபிள் உறுத்துகிறது, தலைவாரினால் வலிக்கிறது, கட்டிக்கொண்டால் தாங்கவில்லை என்பார்கள். இது மனதின் பிடிவாதம், மூளைக்குள் நடக்கும் குழப்பம் என்றே பலரும் நினைத்தார்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் லாரன் ஒரெஃபிஸ், டேவிட் கின்டி ஆகியோர், அதே வெட்டும் நொதியை வைத்து, தோலிலிருந்து முதுகுத்தண்டுக்குத் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் நரம்பணுக்களில் மட்டும் எம்.இ.சி.பி.2 போன்ற மரபணுக்களை நீக்கினார்கள். இந்த நரம்பணுக்களின் உடல் மூளையில் இல்லை. முதுகுத்தண்டின் ஓரமாக இருக்கிறது. மூளை முழுவதும் மரபணு பத்திரமாக இருந்தது. ஆனாலும் முதுகில் மெல்ல ஊதிய காற்றுக்கே அந்த எலிகள் துள்ளின. பதற்றம் கூடியது. மூன்று அறைப் பெட்டியில் புதிய எலியைத் தேடிப் போவதும் குறைந்தது. தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள்: உடல் முழுதும் எம்.இ.சி.பி.2 இல்லாத எலியில் தொடு நரம்பணுக்களில் மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தபோது பதற்றமும் பழகாமையும் தணிந்தன; நினைவும் நடையும் தேறவில்லை, ஆயுளும் நீளவில்லை. தொடுகை முதுகுத்தண்டுக்குள் நுழையும் வாசலில் அதை அடக்கி அனுப்பும் தடுப்பு பலவீனமாகிவிடுவதுதான் காரணம் என்று 2016-இல் எழுதினார்கள். 2019-இல் அதே குழு, மூளைக்குள் எளிதில் புகாத ஒரு மருந்தைக் குட்டிப் பருவத்திலிருந்தே கொடுத்து அந்தத் தடுப்பை வலுப்படுத்தியது. தொடுகைக்கு மிரளுவது குறைந்தது, பதற்றமும் ஓரளவு தணிந்தது.

2016 ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. எலி வளர்ந்த பிறகு தொடு நரம்பணுக்களில் மரபணுவை நீக்கினால் தொடுகை மட்டுமே கெடுகிறது. பதற்றமோ பழகாமையோ வருவதில்லை. வளரும் பருவத்தில் நீக்கினால்தான் மூன்றும் சேர்ந்து வருகின்றன. கூட்டில் உடன்பிறப்புகளோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய வயதில் ஒவ்வொரு உரசலும் உறுத்தினால் குட்டி விலகி விலகித்தான் வளரும் என்பது ஒரு விளக்கம். அந்தப் பருவம் எலியில் எந்த நாளில் முடிகிறது, மனிதக் குழந்தையின் எந்த மாதத்துக்கு அது ஈடு என்பது அடுத்த கேள்வி. அதன் முதல் பாதியை எலியிடம் கேட்கலாம். இரண்டாம் பாதிக்குக் குழந்தைகளிடம்தான், அவர்களுக்கு நோகாத ஒரு வழியில், அளந்து பார்க்க வேண்டும்.